வியாழக்கிழமை வரும் புகை

"அவர் வந்தா முதல்ல மூக்குக்குத்தான் தெரியும். அப்புறம்தான் கண்ணுக்கு" என்றாள் ரோடா ஐஸ்னர்.

நான் சத்தமில்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன். எதற்கு வம்பு?

"என்ன வாசனை வரும்?" என்று கேட்டாள் வெர்னா.

"தார். பழைய கயிறு. கொஞ்சம் கட்டைப் புகை. கடல்ல இருந்து வந்து இந்தக் கதவைத் திறந்தார்னா அவர் சட்டையில அதான் அடிக்கும். இருபது வருஷம் அந்தச் சட்டையைத் தோய்ச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

அவர் என்றால் கார்னெட், ரோடாவின் கணவன். சிப்பி வாரப் போனவன், இரண்டு குளிர்காலத்துக்கு முன் படகோடு காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவன் பேருக்கு ஒரு கல் நிற்கிறது, அதன் கீழே வெறும் மண்தான். வருகிற சனிக்கிழமை ரோடாவுக்கு இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை ஆம்ப்ரோஸ், கேப் பிரெட்டன் தீவிலிருந்து வந்த வெளியூர்த் தச்சர். ஊரே பழக் கேக்கை ரம்மில் ஊறப்போட்டுக் காத்திருக்கிறது. இந்த நேரம் பார்த்து மணப்பெண் எங்களைக் கூப்பிட்டு, செத்தவன் வந்து போகிறான் என்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம். "வேற எவனாவது விளையாடுறான்னா அவன் பேரைச் சொல்லுங்க. நான் பார்த்துக்கறேன். ஆனா வர்றது கார்னெட்தான்னா, சனிக்கிழமை நான் சர்ச்சுக்குப் போகப் போறதில்லை. அவருக்குப் பிடிக்காததை நான் செய்ய மாட்டேன்."

வெர்னா ஹிமெல்மன் முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த படகுகளை முகர்ந்து பார்த்தவள். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் தூண்டில் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். நான் பேசில் நிக்கிள். அவளுக்கு டிரைவர், உதவியாளர், கோபம் வந்தால் திட்டுவதற்கு ஆள். பேய் என்றால் எனக்குப் பயம். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை.

அதனாலேயே முந்திக்கொண்டேன்.

"அக்கா, இது எனக்குத் தெரியும்!" எதிரே எரிந்துகொண்டிருந்த கேஸ் கணப்பைக் காட்டினேன். "கார்பன் மோனாக்சைடு. நெருப்பு சரியா எரியலைன்னா வர்ற விஷக் காத்து. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. உள்ள போனா தலை வலிக்கும், இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும். எத்தனை கதை கேட்டிருக்கோம்! வாங்க, போய் சாப்பிடலாம்."

வெர்னா பையிலிருந்து சின்னக் கருவியை எடுத்துக் கணப்பின் வாயருகே நீட்டினாள். விஷக் காற்றை அளக்கும் மீட்டர். நெருப்பு காலையிலிருந்து எரிகிறது. மீட்டரில் பூஜ்யம். தரையருகே பூஜ்யம். கூரையருகே பூஜ்யம்.

"வாசனை இல்லாத காத்துன்னு நீயே சொன்னே" என்றாள் என்னிடம். "அப்ப தார் வாசனை எங்க இருந்து வருது, உன் சாக்ஸ்ல இருந்தா?"

ரோடா சிரிக்கவில்லை. "நவம்பர்ல தீயணைப்புப் பசங்க வந்து பார்த்தாங்க. அவங்க மெஷின்லயும் பூஜ்யம்தான். கேஸ்காரர் வந்து குழாய் பூரா சோப்பு நுரை தடவினார், ஒரு குமிழி கிளம்பல. கேஸ் கசிஞ்சா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், தார் எப்படிம்மா அடிக்கும்னு என்னையே கேட்டார்."

"இந்தக் கணப்பு எப்ப வந்தது?"

"கோடையில. ஆம்ப்ரோஸ் பரிசு. நான் கட்டை சுமக்கிறதை அவரால பார்க்க முடியல. கார்னெட் கட்டின செங்கல் கணப்புக்குள்ளயே இதைச் செருகி, அதே புகைபோக்கியில விட்டுட்டாங்க."

"வாசனை?"

"அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சது. வியாழக்கிழமை மட்டும்." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அவர் கரைக்கு வர்ற நாள் வியாழன்."

அன்று வியாழக்கிழமை.

"முதல்ல வாசனை வரும். கொஞ்ச நேரத்துல நெருப்பு தானா அணைஞ்சுடும்" என்று ரோடா தொடர்ந்தாள். "இன்னொருத்தன் குடுத்த நெருப்பு இல்லையா? ஊதி அணைச்சுடறார்னு நெனச்சேன். கார்னெட்டோட தம்பி வைலிகிட்டச் சொன்னேன். போன வாரம் வந்து அடியில எதையோ நோண்டி, ரெண்டு வயரை முறுக்கிவிட்டான். 'இனிமே அணையாது அண்ணி'ன்னான்."

"அணையலையா?"

"அணையல. அந்த வியாழக்கிழமைதான் அவரைக் கண்ணால பார்த்தேன். அதோ, அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தார். ஒண்ணும் பேசல. அப்படியே தூங்கிட்டேன் போல. விடிஞ்சு எழுந்தா தலை பிளக்குது." அந்த நாற்காலியையே பார்த்தாள். "யாராவது கூட இருந்தா வர மாட்டார்க்கா. நான் தனியா இருக்கணும்."

வெர்னா எழுந்து அறையைச் சுற்றி வந்தாள். நானும் பின்னாலேயே போனேன், நாற்காலியை மட்டும் தள்ளி நின்று தாண்டினேன். ஜன்னல்களில் குளிருக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது, சுருக்கமில்லாமல், மேளத்தோல் மாதிரி. ஒரு ஜன்னலில் மின்சார மெழுகுவர்த்தி எரிந்தது. கடலில் போனவர்களுக்காக டிசம்பரில் எங்கள் பக்கம் வைப்பது அது. சமையலறையில் அடுப்புக்கு மேல் ராட்சத எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று தொங்கியது.

"இது எந்த ஹோட்டல்ல இருந்து திருடினது?" என்றேன்.

"மூடிப்போன சூப் கடையில கார்னெட் வாங்கிட்டு வந்தார். போட்டா படகையே இழுக்கும்னு பெருமை அடிச்சுப்பார்." முதல் தடவையாக ரோடா சிரித்தாள். அடுப்பில் துண்டு போட்டு மூடிய பெரிய பாத்திரத்தை நான் எட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சட்டென்று குறுக்கே வந்து நின்றாள். "நேரமாச்சு. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. ஆம்ப்ரோஸ் சாப்பிட வருவார்."

"எப்ப?"

"வியாழக்கிழமைன்னா அவருக்கு எப்பவும் லேட்டாகும். வேலை அதிகம்னு சொல்வார்."

எங்களைத் துரத்தாத குறையாக வாசலுக்குக் கொண்டுவந்து விட்டாள்.

*

வெளியே இருட்டிவிட்டது. எங்கள் டிசம்பரில் மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். பின்னால் சமையலறைச் சுவரில் ஃபேன் இரைய ஆரம்பித்தது.

"வைலிதான்" என்றேன் நான். "அண்ணன் பொண்டாட்டி வேற ஒருத்தனைக் கட்டிக்கிறது அவனுக்குப் பிடிக்கல. அடியில நோண்டும்போது தார்ல முக்கின கயித்தை உள்ள செருகியிருப்பான். சூடானா நாறும். எப்படி?"

"அடியில நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கயிறும் இல்ல, மயிரும் இல்ல. அதோட, வாசனை அக்டோபர்ல வந்தது. வைலி வந்தது போன வாரம்."

"நான் பிடிக்கிற ஆளையெல்லாம் நீங்க விடுதலை பண்ணிடறீங்க."

சந்து முனையில் வெர்னா நின்றாள். சந்து முழுக்கப் பனி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வண்டி நிற்கும் அகலத்துக்குப் பனி உருகி, உறைந்து, கறுத்துக் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் ரோடாவின் வீடு நேரே தெரிந்தது. பனியில் இளஞ்சிவப்பு புதினா மிட்டாய் ஒன்று விழுந்திருந்தது. நான் குனிந்தேன்.

"சாப்பிட்டே, அறைவேன்" என்றாள்.

"தடயம் எடுக்கறேன்க்கா!"

"யாரோ அடிக்கடி இங்க வந்து நின்னுட்டுப் போறான். ஒரு நாள்ல இப்படிக் கறுக்காது." அவள் காலால் ஐஸைத் தட்டினாள். "உருகினது முன்பக்கம் மட்டும். எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. ஒளிஞ்சு பார்க்கிறவன் எஞ்சினை அணைப்பான், சத்தம் கேட்கும்னு பயப்படுவான். இவன் ஒளியல பேசில். இவன் காத்துக்கிட்டிருக்கான்."

"எதுக்கு?"

"அவன்கிட்டயே கேட்போம்."

எங்கள் காரைத் தூண்டில் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். என் மடியில் பைனாகுலர். ஜன்னல் மெழுகுவர்த்தி மட்டும் தனியாக மினுங்கியது. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ரோடா நடமாடுவது மங்கலாகத் தெரிந்தது. மேஜையில் ஒரு தட்டு வைத்தாள். இன்னொரு தட்டு வைத்தாள். பிறகு கணப்பு முன்னால் உட்கார்ந்து, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"அக்கா... யார்கிட்டப் பேசுறா?"

"தெரியுது. நீ சந்தைப் பாரு."

"சிரிக்கிறாக்கா. அந்த நாற்காலி ஏதோ ஜோக் சொன்ன மாதிரி சிரிக்கிறா." சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. பயத்திலா, பரிதாபத்திலா தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு பிக்கப் வண்டி மெல்ல வந்து அதே கறுத்த இடத்தில் நின்றது. விளக்கு அணைந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பக்கமாகப் போய்க் கண்ணாடியைத் தட்டினோம்.

உள்ளே இருந்தவர் துள்ளியதில் தலை கூரையில் இடித்தது. வாய் நிறைய புதினா மிட்டாய். மாப்பிள்ளை ஆம்ப்ரோஸ்!

"நல்லா இருக்கே!" என்றேன். "ரெண்டு நாள்ல கல்யாணம். இப்பவே பொண்ணை வேவு பார்க்கிறீங்களா?"

அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி முகம் சிவந்தார். "கத்தாதீங்க, அவளுக்குக் கேட்டுடும். தயவுசெஞ்சு ரோடாகிட்டச் சொல்லிடாதீங்க."

"எதைச் சொல்லக் கூடாது?" என்றாள் வெர்னா.

"நான் லேட்டா வரலைங்கறதை." அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வியாழக்கிழமை அவ கார்னெட்டுக்காகப் புளிக்கோஸ் சமைப்பா, உப்புல புளிக்கவச்ச முட்டைக்கோஸ். பன்றி எலும்பு போட்டு, அவருக்குப் பிடிச்ச மாதிரி. ஒரு நாள் சீக்கிரமா வந்தப்ப ஜன்னல் வழியா பார்த்துட்டேன். ரெண்டு தட்டு வச்சுப் பேசிக்கிட்டிருந்தா. நான் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு, எனக்கு மீன் வறுப்பா. சரி, அது அவளோட நேரம், நான் எதுக்கு நடுவுலன்னு வண்டியை இங்க நிறுத்திடுவேன். அந்த ஃபேன் சத்தம் நின்னதும் உள்ள போவேன்."

"ஃபேனா?"

"நாத்தம் போறதுக்குப் போடுவா. நான் வெளியூர்க்காரன், அதனால எனக்குப் புளிக்கோஸ் ஆகாதுன்னு அவளா முடிவு பண்ணிட்டா. முதல் நாள் வந்ததும் ஜன்னலைத் திறந்துட்டேன், அதான். எனக்கு வேர்த்துச்சுங்க! பொண்ணு பார்க்க வந்தா வேர்க்காதா?"

நான் சிரித்துவிட்டேன். வெர்னா சிரிக்கவில்லை. அவள் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

"அந்த பிளாஸ்டிக், ஜன்னல்ல ஒட்டினது யாரு?"

"நான்தான். கதவிடுக்கு, சுவர் வெடிப்பு எல்லாத்தையும் அடைச்சேன். வீடு பூரா காத்து ஊளையிடும், பாவம் குளிர்ல நடுங்குவா."

"எப்ப?"

"அக்டோபர் கடைசியில."

"போன வியாழக்கிழமை ஃபேன் எப்ப நின்னுச்சு?"

ஆம்ப்ரோஸ் மிட்டாயை விழுங்கினார். "நிக்கவே இல்ல. ரொம்ப நேரம் பார்த்தேன். கல்யாணம் நெருங்குது, அழுறா போலன்னு நெனச்சு வீட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் புயல் வந்து ஊருக்கே கரண்ட் போயிடுச்சு."

"கரண்ட் போனதால உயிரோட இருக்கா!" என்று கத்தினாள் வெர்னா. "பேசில், ஜன்னலைப் பாரு!"

பைனாகுலரைத் தூக்கினேன். ரோடா இன்னும் நாற்காலியில்தான் இருந்தாள். பேசவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாயங்காலம் சுருக்கமில்லாமல் இருந்த ஜன்னல் பிளாஸ்டிக் இப்போது பானை வயிறு மாதிரி வீட்டுக்குள் உப்பியிருந்தது.

"புயல் அடிக்குதா இப்ப?" என்றேன் முட்டாள்தனமாக.

"இல்ல. இன்னைக்குக் கரண்ட் போகாது. ஓடு!"

*

பனியில் ஓடுவது என் உடம்புக்கு ஏற்ற வேலை இல்லை. ஆம்ப்ரோஸ் எங்களைத் தாண்டிப் போய்க் கதவைப் பிடித்து இழுத்தார். கதவு வர மறுத்தது. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி!

"கார்னெட்!" என்று அலறிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

"ஃபேன்டா, முட்டாள்! உள்ள இருக்கிற காத்தை எல்லாம் அது இழுக்குது. சேர்ந்து இழுங்க!"

கதவு விசிலடித்துக்கொண்டு திறந்தது. ஊசிக்காற்று எங்களைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. கூடவே எதிரே வந்து மூக்கில் ஏறியது அந்த வாசனை. தார், பழைய கயிறு, புகை. வெர்னாவின் கையில் மீட்டர் வீறிட்டது.

"மூச்சைப் பிடிச்சுக்கோங்க. அவளைத் தூக்குங்க, வேற எதையும் பார்க்காதீங்க!"

பார்க்காமல் எப்படி இருப்பது? கணப்பில் நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக, சோம்பலாக நெளிந்தது. எதிர் நாற்காலியில் கார்னெட்டின் சட்டை தொங்கியது. மேஜையில் புளிக்கோஸ் ஆறிக்கொண்டிருந்தது. ரோடாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆம்ப்ரோஸ் அவளை அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். நான் கேஸை மூடினேன். வெர்னா ஃபேனை அணைத்தாள். மூன்று பேரும் பனியில் விழுந்து இருமினோம். ஆம்ப்ரோஸ் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "ரோடா, ரோடா, ஏம்மா" என்று புலம்பிக்கொண்டிருந்தார். அவள் கண் திறக்க ஒரு யுகம் ஆனது போலிருந்தது.

திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "ஏன் இழுத்தீங்க? இப்பதான் கையை நீட்டினார்."

ஆம்ப்ரோஸின் முகம் போன போக்கை நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

*

ஊர்த் தீயணைப்புப் பசங்கள் வந்தார்கள். ஜன்னல் பிளாஸ்டிக்கை எல்லாம் கிழித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து வர வேண்டும். அதுவரை வாசல் நாற்காலியில் ரோடாவுக்குப் போர்வை போர்த்தி, மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். தீயணைப்புத் தலைவர் எதையோ தேடி மேஜை டிராயரைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்தார். விஷக் காற்று அலாரம்.

"நவம்பர்ல நான்தான் இதைச் சுவர்ல மாட்டிட்டுப் போனேன். டிராயர்ல தூங்குது!"

"அந்தப் பக்கம் ஒரு பிளக்தான் இருக்கு" என்றாள் ரோடா மாஸ்க்குக்குள்ளிருந்து. "டிசம்பர் பிறந்ததும் கார்னெட்டோட மெழுகுவர்த்தியை வைக்கணுமே."

யாரைத் திட்டுவது?

"யார் விளையாடுறாங்கன்னு பேர் கேட்டியே" என்று வெர்னா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "சொல்றேன் கேளு. குளிராம இருக்கட்டும்னு ஆம்ப்ரோஸ் வீட்டை அடைச்சார். அவர் முகம் சுளிக்கக் கூடாதுன்னு நீ ஃபேன் போட்டே. படகையே இழுக்கிற ஃபேன். இழுக்க வீட்டுல காத்து வேணுமே? ஜன்னல்ல வழி இல்ல, கதவுல வழி இல்ல. திறந்திருந்த ஒரே ஓட்டை புகைபோக்கி. அது வழியா மேல போக வேண்டிய புகையை ஃபேன் கீழ இழுத்துடுச்சு. மீட்டரோட யார் வந்து பார்த்தப்பவும் நீ ஃபேன் போடல. அதான் பூஜ்யம்."

"நெருப்பு அணைஞ்சதே?"

"புகை திரும்பி வந்தா நெருப்பைத் தானா அணைக்க ஒரு சுவிட்ச் அதுல உண்டு. வாரா வாரம் அதுதான் உன்னைக் காப்பாத்தினது. அண்ணி குளிர்ல இருக்கான்னு வைலி அதோட வயரை முறுக்கி, சுவிட்ச் வேலை செய்யாம பண்ணிட்டான். எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். திருட்டுப்பய எங்க, திருட்டுப்பய எங்கன்னு தேடிக்கிட்டிருந்தேன்." வெர்னா தன்மேலேயே எரிச்சலோடு மூக்கைச் சிந்தினாள்.

"அப்ப வாசனை?" என்றாள் ரோடா. அவளுக்கு அதுதான் வேண்டும். "விஷத்துக்கு வாசனை கிடையாதுன்னு உங்க ஆளே சொன்னான். நான் மோந்தது என்ன?"

வெர்னா தலைவரைப் பார்த்தாள். அவர் கேஸ் குழாயை மறுபடி சரிபார்த்துவிட்டுத் தலையசைத்தார். ரோடாவை உள்ளே கொண்டுபோய்க் கணப்பு முன்னால் உட்காரவைத்தோம். நெருப்பு இல்லை, குளிர்ந்த வெற்றுப் பொந்துதான். திறந்திருந்த ஜன்னல் கதவுகளையும் வாசலையும் சாத்தினோம். வெர்னா ஒரு தீக்குச்சியைக் கிழித்து, ஊதி அணைத்து, கணப்பின் வாயில் பிடித்தாள். புகை இழை நேராக மேலே போனது.

"பேசில், ஃபேன்."

போட்டேன். வீடு இரைந்தது. புகை இழை தயங்கியது, வளைந்தது, பிறகு எங்களை நோக்கி வந்தது. அதன் பின்னாலேயே, மெல்ல, பொந்திலிருந்து அந்த வாசனை இறங்கியது. அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருக்கும் அடித்தது.

ரோடா மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கண்ணை மூடினாள். "இதோ" என்றாள்.

நான் ஃபேனை அணைத்துக் கதவைத் திறந்தேன். வாசனை போய்விட்டது.

"அப்ப அவர் வரவே இல்லையா?"

"கார்னெட் இந்தக் கணப்புல என்ன எரிப்பார்?" என்று வெர்னா மென்மையாகக் கேட்டாள்.

"லாப்ஸ்டர் பிடிக்கிற மரக்கூண்டு, உடைஞ்சது. ஸ்ப்ரூஸ் மரக்கட்டை. பழைய தார்க் கயிறு. வேண்டாம்னா கேட்க மாட்டார்."

"இருபது வருஷம் அவர் எரிச்ச புகை அந்தப் புகைபோக்கிச் சுவர்ல கரியா ஒட்டியிருக்கு. ஃபேன் இழுக்கும்போதெல்லாம் அதான் இறங்கி வருது. உன் மூக்கு பொய் சொல்லல ரோடா. அது அவரோட வாசனைதான். அவரேதான் உண்டாக்கினது. ஆனா அவர் உன்னைக் கூப்பிடல. கல்யாணம் வேண்டாம்னும் சொல்லல."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "இந்தப் புகைபோக்கியைச் செங்கல் தெரியற வரைக்கும் சுரண்டணும். உள்ள இரும்புக் குழாய் இறக்கணும். சுவிட்சைப் பழையபடி மாட்டணும். அதுவரைக்கும் இங்க நெருப்பு கிடையாதும்மா."

"சுரண்டிட்டா?"

"சுத்தமாயிடும்."

"வாசனை?"

அவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். ரோடாவுக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுதாள். கடல் அவளுக்கு ஒரு சட்டைப் பொத்தானைக்கூடத் திருப்பித் தரவில்லை. அவனிடமிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது இந்த வாசனை ஒன்றுதான், அதையும் துடைக்கச் சொல்கிறார்கள்.

அதுவரை கதவோரம் நின்ற ஆம்ப்ரோஸ் வந்து தரையில் உட்கார்ந்தார். "நானே சுரண்டறேன்" என்றார். "ஒரு துளி கீழ சிந்தாது. எல்லாத்தையும் ஒரு வாளியில வாரித் தர்றேன். என்ன பண்ணணும்னு நீ சொல்லு."

ரோடா அவரையே பார்த்தாள். "எல்லா வியாழக்கிழமையும் வெளியிலயா நின்னீங்க?"

"வண்டியில ஹீட்டர் இருக்கு."

"பசிக்கலையா?"

"பசிச்சுது. அந்தப் புளிக்கோஸ் வாசனை சந்து முனை வரைக்கும் வருது ரோடா! ஒரு மனுஷன் எத்தனை மிட்டாய்தான் திங்கறது?"

அவள் அழுகையோடு சிரித்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது, மாப்பிள்ளை ஒரு கையில் மணப்பெண்ணையும் இன்னொரு கையில் புளிக்கோஸ் பாத்திரத்தையும் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார். கரண்டி நான்தான் கொடுத்தேன்.

*

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை ஆம்ப்ரோஸ் கூரையில் ஏறினார். வைலி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். செய்த காரியத்துக்கு அழுது முடித்து அவன் கண் வீங்கியிருந்தது. வெர்னா கல்யாணப் பரிசாக ஒரே பிளக்கில் இரண்டைச் செருகும் அடாப்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள். ஒன்றில் அலாரம், ஒன்றில் கார்னெட்டின் மெழுகுவர்த்தி. இதைவிடக் கஞ்சத்தனமான பரிசை நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். தலையில் குட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை காலை சர்ச்சுக்குப் போகும் முன் எல்லோரும் கார்னெட்டின் கல்லருகே நின்றோம். உறைந்த மண்ணை உடைக்கும் வேலை, வேறு யாருக்கு, எனக்குத்தான் வந்தது. ரோடா கல்யாணக் கவுனுக்கு மேல் கார்னெட்டின் கனத்த கோட்டைப் போட்டிருந்தாள். வாளியிலிருந்த கரியைக் கை கையாக அள்ளிக் குழியில் போட்டாள். காற்றில்லாத குளிரில் தார் வாசனை ஒரு தடவை எழும்பி வந்தது. எனக்குப் பயமாக இல்லை. வைலி மண்ணைத் தள்ளி மூடினான். கல்லுக்குக் கீழே முதல் தடவையாக ஏதோ ஒன்று இருந்தது.

பனியால் கையைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் முழுதாகப் போகவில்லை. சர்ச்சில் ஆம்ப்ரோஸ் மோதிரம் போட அவள் கையை எடுத்தபோது முன்வரிசையிலிருந்த எனக்கே தெரிந்தது, நகக்கண்களில் கரி கறுத்திருந்தது. ரோடா வெட்கப்பட்டு விரலை மடக்கினாள்.

ஆம்ப்ரோஸ் அந்த விரலைப் பிரித்து, கரியைத் துடைக்காமல், மோதிரத்தைப் போட்டார்.